டிபி ஒட்டாத எஞ்சின்

தனக்குள் இவ்வளவு பொறாமை இருக்கிறது என்பது டேனியலுக்கு நாற்பத்தெட்டு வயதில்தான் தெரிந்தது. அதுவும் அத்தனை பேர் முன்னால், கையில் தாம்பாளத்தோடு நின்றபோது.

தெலுங்கு பேசும் ஒரு பெருநகரத்தின் ஓரத்தில், பட்டான்செருவில், மருந்துக் கம்பெனிகளுக்குப் பின்னால் ஓடும் தெருவில் ராஜீவின் கார் பந்தய அணிக்கு ஒரு பட்டறை இருக்கிறது. தகரக் கூரை, துடைத்து வைத்த தரை, ஒரு மூலையில் எஞ்சினை மட்டும் தனியாக ஓட்டி அதன் சக்தியை அளக்கும் கண்ணாடி அறை. அன்று கார்களை ஓரங்கட்டிவிட்டு நாற்காலி போட்டிருந்தார்கள். எஞ்சின் வடிவமைப்பாளர் தண்டபாணி ஓய்வு பெறுகிறார். தாம்பாளத்தில் இருந்த சால்வையை எடுத்துக் கொடுக்கும் வேலை டேனியலுடையது.

தண்டபாணி மயிலாடுதுறைக்காரர். தார்நாகாவில் ஓர் ஆராய்ச்சிக்கூடத்தில் இருந்தவர், பாதியில் அதை உதறிவிட்டு ராஜீவோடு வந்து சேர்ந்தார். அவர்கள் ஓட்டும் பந்தயப் பிரிவில் கடையில் விற்கிற காரின் எஞ்சினைத்தான் பயன்படுத்த வேண்டும். அதன் கொள்ளளவைக் கூட்டக் கூடாது. மற்றபடி உள்ளே எதை வேண்டுமானாலும் குடைந்து, தேய்த்து, மாற்றிக்கொள்ளலாம். அந்த வித்தையில் தண்டபாணியை மிஞ்ச ஆளில்லை என்று மற்ற அணிக்காரர்களே சொல்வார்கள். அவர் கட்டிய எஞ்சின்களின் மூடியில் சிவப்பு எழுத்தில் 'டிபி' என்று ஒரு ஸ்டிக்கர் இருக்கும். அதைப் பார்த்தாலே பக்கத்துக் கொட்டகையில் பேச்சு குறையும்.

அந்த எஞ்சின்களில் பாதி டேனியலின் கை. தாத்தா காலத்தில் காட்பாடியிலிருந்து லாலாகூடா ரயில்வே பட்டறைக்கு வந்த குடும்பம் அவனுடையது. உஸ்மானியா பல்கலைக்கழகத்தில் மெக்கானிக்கல் படித்துவிட்டு, இருபத்தொன்பது வயதில் தண்டபாணியிடம் சேர்ந்தான். பத்தொன்பது வருடம். தினமும் காலையில் தார்நாகாவில் அவரை ஏற்றிக்கொண்டு பட்டான்செரு வரை கார் ஓட்டியவன் அவன்தான். அந்த நீண்ட பாதையில் அவர் பேசியது குறைவு. டேனியல் வரைந்த படங்களை மடியில் வைத்துப் பார்ப்பார். பென்சிலால் ஒரு கோடு போடுவார், அல்லது போடமாட்டார். கோடு போடாவிட்டால் சரியாக இருக்கிறது என்று அர்த்தம். வாய்விட்டு "நல்லாருக்கு" என்று அவர் சொல்லி டேனியல் கேட்டதில்லை.

விழாவில் ராஜீவ் தெலுங்கிலும் ஆங்கிலத்திலும் மாற்றி மாற்றி உருகினார். இந்த அணி என்றால் சார், சார் என்றால் இந்த அணி என்றார். ஓட்டுநர் ஸ்ரீகாந்த் காலில் விழுந்தான். மெக்கானிக் சலீம் கண்ணைத் துடைத்துக்கொண்டான். கடைசியில், மறந்துபோனது ஞாபகம் வந்ததுபோல ராஜீவ் மைக்கை மறுபடி வாங்கினார். பெயரோடு தெலுங்கு மரியாதைக்கு ஒரு 'காரு' சேர்ப்பது அவர் வழக்கம்.

"இனிமே சார் இடத்துல நம்ம டேனியல் காரு. யாரும் பயப்படாதீங்க. சாரோட போன் நம்பர் நம்மகிட்ட பத்திரமா இருக்கு!"

எல்லாரும் சிரித்தார்கள். தண்டபாணியும் சிரித்தார். டேனியலும் சிரித்தான். சிரித்துக்கொண்டே சால்வையை நீட்டியபோது, அது தன் தோளுக்கு வரவேண்டியது என்று தோன்றியது.

அடுத்த நாள் தெலுங்குப் பத்திரிகையில் படம் வந்திருந்தது. தண்டபாணி, ராஜீவ், ஸ்ரீகாந்த், பொன்னிறக் கரை போட்ட சால்வை. ஓரத்தில் ஒரு கை மட்டும். அவன் மனைவி ஜெஸ்ஸி பேப்பரை அடுப்படி மேடையில் விரித்துப் பார்த்தாள். அவள் மெட்டுகூடாவில் பள்ளிக்கூட டீச்சர். ஒரு பார்வையில் தப்பைப் பிடிக்கிறவள்.

"இந்தக் கை உங்களோடதா?"

"ஆமா."

"வாட்ச்சைப் பார்த்துக் கண்டுபிடிச்சேன்" என்றவள், அவன் முகத்தைப் பார்த்துவிட்டுப் பேப்பரை மடித்தாள். "அவரு வயசானவரு. போறாரு. இனிமே உங்க நேரம்தானே?"

அவனும் அப்படித்தான் நினைத்தான்.

ஆனால் போனவர் போகவில்லை. பட்டறையில் ஒரு வாக்கியம் பாதியில் நின்றால், மீதியில் தண்டபாணி இருந்தார். "சார் இருந்தா இதுக்கு..." என்பார் ராஜீவ். "சார் இப்படித்தான்..." என்பான் சலீம். டேனியல் ஒரு அளவு சொன்னால் தலையாட்டுவார்கள். ஆட்டிவிட்டு ஒரு நொடி காத்திருப்பார்கள், பின்னாலிருந்து இன்னொரு குரல் 'சரி' சொல்வதற்காக. அந்த ஒரு நொடியை அவன் வெறுக்க ஆரம்பித்தான்.

ஒரு மதியம், கண்ணாடி அறைக்குப் பின்னால் சலீம் போனில் பேசிக்கொண்டிருந்தான். குரலைத் தாழ்த்தியிருந்தான்.

"ஆமா சார்... டேனியண்ணா வால்வு ஸ்பிரிங் மாத்தச் சொல்றாரு... அதான் உங்ககிட்ட ஒரு வார்த்தை..."

டேனியல் முன்னால் போய் நின்றான். சலீம் போனை அணைத்துவிட்டுச் சட்டையில் கையைத் துடைத்தான். இருவரும் லாலாகூடாவில் ஒரே தெருவில் வளர்ந்தவர்கள். டேனியல் முதன்முதலில் ஸ்கூட்டர் ஓட்டியது சலீமின் அப்பா வண்டியில்.

"கைக்குடா, ஏன்டா சலீம்? என்கிட்ட கேட்டா சொல்லமாட்டேனா?"

"தப்பா எடுத்துக்காதீங்கண்ணா. நீங்க சொன்னது சரியாத்தான் இருக்குன்னு அவரே சொல்லிட்டாரு."

அதுதான் அதிகம் வலித்தது. தான் சொன்னது சரி என்பதற்கு அவர் சாட்சி வேண்டியிருக்கிறது. அதைவிட, அவர் சலீமிடம் 'சரி' என்று வாய்விட்டுச் சொல்லியிருக்கிறார். இதே வார்த்தையைத் தன்னிடம் சொல்வதற்குப் பத்தொன்பது வருடம் போதவில்லை.

பந்தயப் பருவம் தொடங்கியது. டேனியல் கட்டியது அதே டிபி எஞ்சின்தான். ராஜீவ் வேறு எதற்கும் ஒப்புக்கொள்ளவில்லை. கோயம்புத்தூருக்கு வெளியே செட்டிபாளையம் களத்தில் நடந்த முதல் சுற்றில், ஸ்ரீகாந்த் இரண்டாவதாக ஓடிக்கொண்டிருந்தபோது எஞ்சின் வெடித்தது. அடுத்த சுற்று சென்னைப் பக்கம், இருங்காட்டுக்கோட்டையில். அங்கேயும் அதேதான். வெள்ளைப் புகை, களத்தில் எண்ணெய், ஓரத்துப் புல்லில் நின்றுபோன கார்.

காரணம் டேனியலுக்குத் தெரியும். காரில் இருக்கும் பதிவுக் கருவியே சொன்னது. அந்த எஞ்சின் உச்ச வேகத்தில் சுழலும்போதுதான் முழுச் சக்தியையும் கொடுக்கும். ஆனால் ஒரு எல்லைக்கு மேல் சுழற்றினால் தாங்காது. தண்டபாணி எல்லையைச் சொல்லி, விரலை ஒரு முறை உயர்த்திக் காட்டுவார். ஸ்ரீகாந்த் அதைத் தாண்டமாட்டான். டேனியலும் அதே எல்லையைத்தான் சொன்னான். ஸ்ரீகாந்த் ஹெல்மெட்டுக்குள்ளிருந்து "ஓகேண்ணா" என்றான். போட்டி சூடாகிவிட்டால் அந்த 'அண்ணா'வெல்லாம் அவன் காலுக்குத் தெரியவில்லை.

பட்டறைக்குத் திரும்பிய பிறகும் ராஜீவ் பதிவுகளைப் பார்க்கக்கூட இல்லை.

"டேனியல் காரு, அதே எஞ்சின், அதே டிரைவர். சார் இருந்தப்ப உடையலையே. என்ன மாறிச்சு, நீங்களே சொல்லுங்க."

மாறியது, தான் ஒருவன்தான் என்று டேனியலுக்குத் தெரியும்; பதிவுத் தாளை மடித்துப் பைக்குள் வைத்தான். அன்று இரவு வீட்டில் சாப்பாட்டைப் பிசைந்துகொண்டே இருந்தான்.

"அவருகிட்ட அப்படி என்ன இருக்கு ஜெஸ்ஸி? ஒரு விரலு! ஒரு விரலைத் தூக்கினா எல்லாரும் அடங்கிடுறாங்க. நான் மணிக்கணக்கா பேசுறேன்."

"என்கிட்ட பேசினதைவிட அவரைப் பத்திப் பேசினதுதான் அதிகம், கல்யாணமான நாள்லேர்ந்து" என்றாள் ஜெஸ்ஸி. "போய் நேரா அவரையே பாருங்க. அந்தப் பையனுக்கு ஒரு போன் போட்டுச் சொல்லச் சொல்லுங்க. இதுல என்ன வெட்கம்?"

வெட்கம்தான். ஒரு வாரம் அதை மென்று விழுங்கிவிட்டு, ஞாயிற்றுக்கிழமை தமிழ் ஆராதனை முடிந்ததும் கோயில் உடுப்போடே தார்நாகா போனான்.

கதவைத் திறந்தவர் தண்டபாணியின் மனைவி வேதவல்லி. கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு அவனைப் பார்த்ததும் முகம் மலர்ந்தது.

"வாங்க தம்பி, வாங்க. இத்தனை நாளாச்சு, இந்தப் பக்கமே காணோம். ஜெஸ்ஸி நல்லாருக்காளா?"

"நல்லாருக்காம்மா. சார் இருக்காரா?"

"இல்லையே. கோயம்புத்தூர் போயிருக்கார். உங்ககிட்ட சொல்லலையா?"

"கோயம்புத்தூரா?"

"ஆமா, அங்க ஒரு ரேஸ் டீம். வந்து ஆலோசனை சொன்னா போதும்னு கூப்பிட்டாங்க. வீட்ல ரெண்டு மாசம் உட்கார்ந்து பார்த்தார், முடியலை. எனக்கும் முடியலை, அதை ஏன் கேக்கறீங்க! மிக்ஸியைப் பிரிச்சுப் போட்டுட்டு சத்தம் சரியில்லைங்கறார்."

வேதவல்லி காபி கலக்க உள்ளே போனார். போனவர் அங்கிருந்தே, நல்ல சேதி சொல்கிற குரலில் தொடர்ந்தார்.

"அங்க அருணாசலம்னு ஒரு பையனாம். ஒவ்வொண்ணுக்கும் ஏன், எதுக்குன்னு கேட்டுத் தொளைச்சு எடுக்கறானாம். 'வேதா, இவன் எனக்கு இருபது வருஷம் முன்னாடி கிடைச்சிருக்கணும்'னு போன்ல ஒரே பெருமை. அவர் யாரையாவது அப்படிச் சொல்லிக் கேட்டிருக்கீங்களா நீங்க?"

"இல்லம்மா" என்றான் டேனியல். "கேட்டதில்ல."

காபி வந்தது. குடித்தான். சூடு தெரியவில்லை. வேதவல்லிக்கு அவன் முகத்தில் எதுவும் படவில்லை. ஜெஸ்ஸிக்கு என்று ஒரு பாட்டில் மாவடு கொடுத்தனுப்பினார். வண்டியில் ஏறி, மாவடு பாட்டிலை அவர் உட்காரும் இருக்கையில் வைத்தான். இருபது வருடத்துக்கு முன் அவருக்குக் கிடைத்தவன் யார்? தான்தானே. கிடைத்தது ஒரு பொருட்டாகவே தெரியவில்லையா? அவனும் கேள்வி கேட்டானே! இதே காரில், தினமும் போன பாதையில், எஞ்சினின் காற்றுப்பாதையைப் பற்றி மூன்று முறை கேட்டானே!

மறுநாள் சேதி பட்டறைக்கு வந்துவிட்டது. ராஜீவ் கண்ணாடி அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு யாரிடமோ போனில் கத்தினார். ஸ்ரீகாந்த், "நம்ம ரகசியம் எல்லாம் அவருக்குத் தெரியுமேண்ணா" என்று சுற்றிச் சுற்றி வந்தான். சலீம் ஒரு மூலையில் உட்கார்ந்து போனையே பார்த்துக்கொண்டிருந்தான். அவன் போனை அன்றைக்குத் தண்டபாணி எடுக்கவில்லையாம். அந்தப் பட்டறையில் அன்று எல்லாருக்கும் ஒரே நோய், பொறாமை. டேனியல் மட்டும் கொஞ்ச நாள் முன்னதாகவே அதில் விழுந்திருந்ததால் முதலில் எழுந்து நிற்க முடிந்தது.

ராஜீவ் வெளியே வந்ததும் அவன் நேராகச் சொன்னான்.

"சார் எஞ்சினை வெச்சு சாரை ஜெயிக்க முடியாது சார். அவர் அங்க இதைவிட நல்லதாவே கட்டுவார். எனக்கு ஒரு எஞ்சின் கொடுங்க. என் இஷ்டத்துக்குக் கட்டறேன். தோத்தா நானே போயிடறேன்."

ராஜீவ் அவனை முதல் முறை பார்ப்பதுபோலப் பார்த்தார். கோபத்தில் இருந்தார், யார்மேலாவது பந்தயம் கட்ட வேண்டியிருந்தது.

"செய்யுங்க" என்றார்.

டேனியலின் யோசனை பழையது. தண்டபாணி எப்போதும் காற்றுப்பாதையைப் பெரிதாகக் குடைவார். பெரிய வாய், உச்ச வேகத்தில் நிறையக் காற்று, நிறையச் சக்தி. நேர்ப்பாதையில் அந்தக் காரைப் பிடிக்க முடியாது. ஆனால் நம் களங்களில் நேர்ப்பாதை எவ்வளவு? வளைவுகள்தான் அதிகம். வளைவிலிருந்து வெளியே வரும்போது எஞ்சின் மெதுவாகச் சுழல்கிறது. அப்போது பெரிய பாதையில் காற்று சோம்பிப்போகும். பாதையைச் சிறிதாக்கினால் காற்று வேகமாக ஓடும். எஞ்சின் அந்த இடத்திலேயே தள்ளும். உச்சத்தில் கொஞ்சம் இழக்கலாம், வளைவுக்கு வளைவு சம்பாதிக்கலாம். இதைத்தான் மூன்று முறை சொல்லியிருந்தான். தண்டபாணி மூன்று முறையும் ஒரே பதில்தான் சொன்னார்: "வளைவுல தள்ள டிரைவர் இருக்கான். நீ எஞ்சினைப் பாரு."

பாதையைக் கொஞ்சமாகவே குடைந்து, மெருகேற்றி, அளந்து, திரும்ப மாற்றி, ஒரு மாதத்துக்கு மேல் அந்தக் கண்ணாடி அறையே வீடாயிற்று. போனாலு அம்மன் திருவிழா ஊர்வலத்தில் சாலை அடைபட்டுக் கார் நின்றபோதும், மியாப்பூர் நெரிசலில் ஊர்ந்தபோதும் அவன் மனம் அந்தச் சின்னப் பாதைக்குள்ளேயே இருந்தது. உழைக்க வைத்தது ஆசை என்று சொல்லிக்கொள்ளலாம். ஆனால் கண்ணை மூடினால் தெரிந்தது, முகம் அறியாத ஓர் அருணாசலம் ஏதோ கேட்க, தண்டபாணி பொறுமையாகப் பதில் சொல்லும் காட்சி. அந்தக் காட்சிதான் அவனைக் காலையில் எழுப்பியது.

எஞ்சின் முடிந்த அன்று சலீம் மூடியைத் துடைத்துவிட்டு, சிவப்பு ஸ்டிக்கரைக் கையில் எடுத்தான்.

"ஒட்டட்டாண்ணா?"

"நக்கோ, வேணாம்."

சலீம் ஸ்டிக்கரைப் பைக்குள் போட்டுக்கொண்டான்.

ஸ்ரீகாந்த் ஓட்டிப் பார்த்துவிட்டு முகத்தைச் சுளித்தான். "என்னண்ணா இது, சத்தமே இல்ல. ஆட்டோ மாதிரி இருக்கு. மேல போகவும் மாட்டேங்குது."

"மேல போகவிடாம நான்தான் பூட்டியிருக்கேன். நீ நேரத்தைப் பாரு."

நேரத்தைப் பார்த்த ஸ்ரீகாந்த் மறுபடி காருக்குள் உட்கார்ந்தான். இன்னொரு சுற்று போய்விட்டு வந்தான். அதற்கப்புறம் ஆட்டோ என்று சொல்லவில்லை.

பருவத்தின் மூன்றாவது சுற்றுக்கு மீண்டும் செட்டிபாளையம். கோயம்புத்தூர் அணியின் கொட்டகை நேர் எதிரே. டேனியல் பார்க்கக் கூடாது என்று நினைத்துக்கொண்டே பார்த்தான். மடக்கு நாற்காலியில் தண்டபாணி. பக்கத்தில், பையன் என்று சொல்ல முடியாத நாற்பது வயதுக்காரர் ஒருவர், முழங்காலை மடக்கித் தரையில் உட்கார்ந்து காருக்கடியில் எதையோ காட்டிப் பேசுகிறார். தண்டபாணி குனிந்து கேட்கிறார். பிளாஸ்க்கிலிருந்து தானே காபி ஊற்றி அவரிடம் நீட்டுகிறார். ஏதோ சொல்லி இருவரும் சிரிக்கிறார்கள். தண்டபாணியின் மேல்வரிசையில் ஒரு தங்கப் பல் இருப்பது அன்றைக்குத்தான் டேனியலுக்குத் தெரிந்தது.

சிறிது நேரத்தில் அந்த ஆளே இந்தப் பக்கம் வந்தார். கை கூப்பினார்.

"டேனியல் அண்ணங்களா? நான் அருணாசலமுங்க. சார் உங்களைப் பத்தி நெறையச் சொல்லுவாருங்க."

"அப்படியா? என்ன சொல்வாரு?"

"சொன்னா சொன்னபடி செய்வாரு, எதிர்த்து ஒரு வார்த்தை பேசமாட்டாருன்னு. இந்தக் காலத்துல அப்படி ஆள் கிடைக்கிறது கஷ்டமுங்க."

அவர் மனதாரத்தான் சொன்னார். டேனியல் அந்த முகத்தில் ஒரு குறை தேடினான், கிடைக்கவில்லை. நல்ல மனிதராக இருந்தார். அதுவும் பிடிக்கவில்லை.

மாலையில் பந்தயம். கோயம்புத்தூர்க் கார் நேர்ப்பாதையில் பறந்தது. அந்தச் சத்தம் டேனியலின் எலும்புக்குத் தெரிந்த சத்தம். ஆனால் ஒவ்வொரு வளைவு முடிவிலும் ஸ்ரீகாந்தின் கார் பின்னாலிருந்து யாரோ உந்திவிட்டதுபோல வெளியே வந்தது. முதல் சில சுற்றுகளில் ஒட்டிக்கொண்டு போனவன், பிறகு ஒரு வளைவில் உள்பக்கமாக நுழைந்து முந்தினான். அப்புறம் அவனைப் பிடிக்க முடியவில்லை. கொடி விழுந்ததும் ராஜீவ் ஓடிவந்து கட்டிக்கொண்டார். சலீம் விசிலடித்தான். டேனியல் எதிர்க் கொட்டகையைப் பார்த்தான். மடக்கு நாற்காலி காலி.

கோப்பை கொடுப்பதற்கு முன்பே தகவல் வந்தது. கோயம்புத்தூர் அணி புகார் கொடுத்திருக்கிறது. முதலாவதாக வந்த காரின் எஞ்சின் கொள்ளளவு விதியை மீறியது என்று சந்தேகம். பிரித்து அளக்க வேண்டும்.

"யாரோட வேலை இது?" என்று ராஜீவ் கத்தினார்.

பந்தயத்தில் ஈடுபட்ட கார்களைப் பூட்டி வைக்கும் கொட்டகைக்கு டேனியல் போனபோது விடை அங்கே நின்றுகொண்டிருந்தது. தண்டபாணி. கோயம்புத்தூர் அணி மேலாளருக்கு முன்னால், சோதனை அதிகாரிக்குப் பக்கத்தில்.

பத்தொன்பது வருடம் கூடவே இருந்தவர், தன்னைத் திருடன் என்கிறார். கேட்டுவிட வேண்டும் என்று வாயைத் திறந்தான். அப்போது அவர் முகத்தைப் பார்த்தான், வாய் மூடிக்கொண்டது. அந்த முகத்தை அவன் இதற்கு முன் பார்த்திருக்கிறான். கொஞ்ச மாதங்களாக, தினமும் காலையில், சவரம் செய்யும்போது கண்ணாடியில்.

சலீம் எஞ்சினைப் பிரிக்க ஆரம்பித்தான். முதல் போல்ட்டிலேயே ஸ்பானர் வழுக்கியது, டேனியல் அதை வாங்கிக்கொண்டு தானே செய்தான். மூடி வந்தது. காற்றுப்பாதை இருக்கும் சிலிண்டர் ஹெட் வந்தது. அதிகாரி கருவியை இறக்கி ஒவ்வொரு சிலிண்டரையும் அளந்தார். பிஸ்டன் ஏறி இறங்கும் தூரத்தை அளந்தார். கணக்குப் போட்டார். இன்னொரு முறை போட்டார்.

"கொள்ளளவு சரியா இருக்கு. விதிக்குள்ளதான். புகார் தள்ளுபடி."

ராஜீவ் கையைத் தட்டினார். கோயம்புத்தூர் மேலாளர் வெளியே போய்விட்டார். தண்டபாணி போகவில்லை. பிரித்து வைத்த சிலிண்டர் ஹெட் அருகே வந்தார்.

"டார்ச் இருக்கா?"

சலீம் பழக்க தோஷத்தில் உடனே நீட்டினான். தண்டபாணி காற்றுப்பாதைக்குள் வெளிச்சம் அடித்துப் பார்த்தார். விரலை உள்ளே விட்டு மெதுவாகத் தடவினார். வெகுநேரம். முதியவர் ஒருவர் இருட்டில் சுவரைத் தடவி ஸ்விட்ச் தேடுவதுபோல இருந்தது.

"சின்னதா பண்ணியிருக்கே" என்றார்.

"ஆமா சார்."

"மேல சக்தி போயிருக்குமே."

"போச்சு சார். போனா போகட்டும்னு விட்டேன்."

அவர் டார்ச்சை அணைத்தார். "இதை எங்கிட்ட எப்பவோ சொன்னே."

"மூணு தடவை சொன்னேன் சார்."

தண்டபாணி நிமிர்ந்து அவனைப் பார்த்தார். ஏதாவது சொல்வார் என்று டேனியல் காத்திருந்தான். வெற்றி பெற்றவன் காத்திருக்கும் விதத்தில் அல்ல. காரில் மடியில் வைத்த படத்தின் மேல் பென்சில் இறங்குமா இறங்காதா என்று காத்திருக்கும் விதத்தில். அதை நினைத்து அவனுக்கே எரிச்சலாக இருந்தது.

"நீ கொள்ளளவைத்தான் கூட்டியிருப்பேன்னு நெனச்சேன்" என்றார் தண்டபாணி. "வேற எப்படி முடியும்னு எனக்குத் தோணலை."

மன்னிப்பும் இல்லை, பாராட்டும் இல்லை. டார்ச்சை சலீமிடம் கொடுத்துவிட்டு நடந்தார். வாசலில் அருணாசலம் அவர் கையைப் பிடித்துப் படி இறக்கினார்.

ஊர் திரும்பியதும் பட்டறையில் அணிக்கு விருந்து. பிரியாணி, மாலை எல்லாம். அடுத்த எஞ்சினில் டேனியல் பெயரை ஒட்ட வேண்டும் என்றார் ராஜீவ். "சார் இருந்தா" என்ற பேச்சு சட்டென்று நின்றுபோயிருந்தது. டேனியல் ஒரு அளவு சொன்னால் சலீம் நேராகப் போய்ச் செய்தான். அந்த வருடக் கோப்பை கோயம்புத்தூருக்குத்தான் போனது. முதல் இரண்டு சுற்றில் இழந்ததை எட்டிப்பிடிக்க முடியவில்லை. ஆனால் டேனியல் எஞ்சின் ஒன்றுகூட உடையவில்லை.

வீட்டில் ஜெஸ்ஸி கேட்டாள். "இப்போ சந்தோஷமா?"

அவன் யோசித்துத்தான் பதில் சொன்னான். "அவரு பொறாமைப்பட்டாரு ஜெஸ்ஸி. என்மேல. நான் கண்ணால பார்த்தேன்."

"அதான் கேக்கறேன். சந்தோஷமா?"

"ரெண்டு நாள் இருந்துச்சு." சட்டைப் பொத்தானைக் கழற்றிக்கொண்டே சொன்னான். "அப்புறம், அந்தாளுக்குக் காபி ஊத்திக் கொடுத்தாரே, அதுதான் ஞாபகம் வருது. எனக்கு ஒரு நாள் ஊத்தினதில்ல."

ஜெஸ்ஸி சிரிக்கவில்லை. "நீங்க கேட்டிருக்கலாம்" என்றாள். பிறகு, "அவரும் கொடுத்திருக்கலாம்" என்றாள்.

அடுத்த பருவத்தின் முதல் பந்தயம் இருங்காட்டுக்கோட்டையில். காலைப் பயிற்சியில் டேனியல் தடுப்புச் சுவரோரம் நின்றிருந்தான். கோயம்புத்தூர்க் கார் தூர வளைவிலிருந்து வெளியே வந்தது. முகம் திரும்புவதற்கு முன்பே காதுக்குத் தெரிந்துவிட்டது. பழைய உச்சக் கூச்சல் இல்லை. தாழ்ந்த, கெட்டியான சத்தம். வளைவு முடியும் இடத்திலேயே பின்னாலிருந்து உந்திவிட்டதுபோல அந்தக் கார் பாய்ந்தது.

ஸ்ரீகாந்த் ஓடிவந்தான். "அண்ணா! கேட்டீங்களா? நம்மளதை அப்படியே எடுத்துட்டாங்க! பிரிச்சப்போ பார்த்தாரில்ல, அதான்!"

டேனியல் அந்தக் காரையே கண்ணால் தொடர்ந்தான். தண்டபாணி வாயால் சொல்லாததைக் கையால் செய்து காட்டியிருக்கிறார். அறுபத்தெட்டு வயதில், தன் வழியை விட்டுவிட்டு அவன் வழிக்கு வந்திருக்கிறார். பெருமைப்பட்டிருக்கலாம். கோபப்பட்டிருக்கலாம். ஆனால் முதலில் அவன் கண்முன் வந்தது வேறு: அந்தச் சின்னக் காற்றுப்பாதையின் படத்தை நடுவில் வைத்துக்கொண்டு, அவரும் அருணாசலமும் தலையோடு தலை சேர்த்து உட்கார்ந்திருந்த நாட்கள். அவர் ஒவ்வொன்றாக விளக்கியிருப்பார். அவனுடைய யோசனையை, அவனுக்குச் சொல்லாத குரலில், இன்னொருவருக்கு.

எதிர்க் கொட்டகையில் மடக்கு நாற்காலியில் இருந்த தண்டபாணி இந்தப் பக்கம் பார்ப்பது தெரிந்தது. கையை லேசாகத் தூக்கினார். வணக்கமா, வெறும் வெயில் மறைப்பா என்று தூரத்தில் புரியவில்லை. டேனியல் தலையை அசைத்தான்.

"டயர் சூடாயிடுச்சா?" என்று ஸ்ரீகாந்திடம் கேட்டான். "வா, முதல் கியர்லேர்ந்து பாக்கலாம். வளைவுல அவங்க நம்மளோட சமம் ஆயிட்டாங்க. நேரத்தை வேற எங்கயாவதுதான் எடுக்கணும்."